போயிட்டு வாரேன்

பூவநாதனுக்கும் செண்பகவல்லிக்கும் கல்யாணம் நடந்தது அக்கினி சாட்சியாக. கோவில்பட்டி மண்டபத்தில் நானூறு பேர் பார்க்க, ஐயர் புகை போட்டு முன்வரிசை முழுவதையும் கண்ணீர் விட வைத்து, முறையாகத்தான் நடந்தது. ஊர் அம்மன் பேர் செண்பகவல்லி, ஊர்ச் சாமி பேர் பூவனநாதர். பேரே பொருந்திவிட்டது, ஜாதகம் எதற்கு என்று இரண்டு வீட்டாரும் பாயசம் குடித்தார்கள். ஆனால் பூவநாதன் வேலை பார்க்கும் நாடான வட ஒன்றியம் அக்கினியின் சாட்சியத்தை ஏற்பதில்லை. அக்கினிக்கு அடையாள எண் கிடையாது, நிலையான முகவரி கிடையாது, குறுக்குக் கேள்வி கேட்டால் பதிலும் சொல்லாது. ஆகவே மனைவியை நிரந்தரவாசியாக அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கணவனுக்கும் ஒன்றியம் தன் செலவில் வேறு ஒரு சாட்சியை நியமித்தது. திரையில் தமிழில் அதன் பெயரும் 'சாட்சி' என்றே வந்தது.

அது ஒரு கணினி நிரல். முன்பெல்லாம் அதிகாரிகள் கல்யாண ஆல்பம் பார்த்து, காதல் கடிதம் படித்து, "உங்கள் கணவர் எந்தப் பக்கம் படுப்பார்?" என்று கேட்டு, மெய்க் கல்யாணம் எது பொய்க் கல்யாணம் எது என்று முடிவு செய்தார்கள். ஆல்பம் தயாரிக்க ஆட்கள் கிளம்பினார்கள். காதல் கடிதம் எழுதித் தரக் கடை போட்டார்கள். மனிதர்களை நம்ப முடியாது என்று மனிதர்களே கண்டுபிடித்து, நம்புவதற்கு ஓர் இயந்திரம் செய்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் காத்திருக்கிற நாலு வருடமும் பேசுகிற ஒவ்வொரு பேச்சும் சாட்சி வழியாகத்தான் போக வேண்டும். குரல், முகம், மௌனம், மூச்சு எல்லாவற்றையும் அது கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டதை மறைக்காது, அந்தமட்டில் நல்ல பண்பாடு. திரையின் வலது மூலையில் பெட்ரோல் முள் மாதிரி இரண்டு முள் காட்டும்.

ஒரு முள்ளின் பெயர் பந்தம். இது மெய்யான கல்யாணமா என்று அளக்கும். இன்னொன்றின் பெயர் நிரந்தரம். வருகிறவருக்கு, ஒன்றியத்தின் பாஷையில் விண்ணப்பதாரருக்கு, இங்கேயே தங்கும் எண்ணம் இருக்கிறதா என்று அளக்கும். நாலு வருட முடிவில் இரண்டும் எண்பதைத் தாண்டியிருந்தால் செண்பகவல்லி வரலாம். தாண்டாவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நாலு வருடம்.

பூவநாதன் ஹார்வெல் நகரத்தில் பெரிய கண்ணாடித் தோட்டம் ஒன்றில் தக்காளிக்கு வெயில் காட்டும் வேலையில் இருந்தான். வருடத்தில் ஏழு மாதம் பனி விழும் ஊரில் எந்தச் செடிக்கு எத்தனை மணி நேரம் எவ்வளவு சூடு என்று விளக்குகளை மேய்ப்பது. கோவில்பட்டிக்காரனுக்கு வெயிலைப் பற்றித் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்று எடுத்தார்களோ என்னவோ. செண்பகவல்லி கால்நடை மருத்துவர். அவள் சாயங்காலம் வேலை முடித்து வந்து கைகால் கழுவும்போது அவனுக்குக் காலை ஏழு மணி. அதுதான் அவர்கள் பேசும் நேரம்.

முதல் வருடம் அமோகமாகப் போயிற்று. அவளுக்குப் பேசத் தெரியும். இளையரசனேந்தல் பக்கம் ஓர் எருமை கன்று போட முடியாமல் தவித்தது, கன்றின் முன்கால் மடங்கியிருந்தது, தோள்பட்டை வரைக்கும் கையை விட்டு அதை நிமிர்த்தினாள். எருமைக்காரர் பக்கத்தில் நின்று அவளுக்கே சூடம் காட்டிவிட்டார்.

"எருமைக்குக் காட்டுங்கய்யான்னு சொல்லுதேன், கேக்கவே மாட்டேங்காரு. கையெல்லாம் பிசுபிசுன்னு நிக்கேன், இந்தப் பக்கம் திருநூறு வேற பூசுதாரு."

பூவநாதன் சிரித்த சிரிப்பில் காபி சட்டையில் கொட்டியது. அன்றைக்கு அவளை அவனுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லி முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு முப்பத்து நாலு நாள்தான் சேர்ந்திருந்தார்கள். இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே கிழவனாகிவிடலாம் என்று நினைத்தான். பேச்சு முடிந்து அவள் வழக்கம்போல "சரிங்க, போயிட்டு வாரேன்" என்று வைத்த பிறகுதான் மூலையைப் பார்த்தான். பந்தம் அறுபத்தெட்டிலிருந்து அறுபத்தொன்றுக்கு இறங்கியிருந்தது.

அவன் ஆல்பர்ட் தேவபிச்சையிடம் ஓடினான். திசையன்விளைக்காரர். துணி வெளுக்கும் கடைக்கு மேல் மாடியில் குடியேற்ற ஆலோசனை அலுவலகம். அந்த ஊரில் தமிழ் பேசும் கணவர்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்பார்கள், அவர்களுடைய மனைவிமார் என்ன சொல்வார்கள் என்பது வேறு விஷயம்.

"நீரு உம்ம பொண்டாட்டிகூடப் பேசுதீரா, மாட்டு டாக்டர்கூடப் பேசுதீரா?" என்றார் சாட்சி தந்த அறிக்கையைப் புரட்டியபடி.

"ரெண்டும் ஒரே ஆளுதான, அண்ணாச்சி."

"அது சாட்சிக்குத் தெரியுமாவே? இருவது நிமிஷம் எருமையப் பத்திப் பேசினா அது என்ன நெனைக்கும்? எருமை வச்சிருக்கிற ஆளு வைத்தியம் கேக்கான்னு நெனைக்கும். நம்ம ரெண்டு பேரப் பத்திப் பேசும். மாட்டை விடும்."

கூடவே ஓர் அட்டவணையும் கொடுத்தார். வாரத்துக்கு ஒரு பழைய நினைவு. வாரத்துக்கு இரண்டு எதிர்காலத் திட்டம். மாதத்துக்கு மூன்று சண்டை, சமாதானம் இரண்டு நாளுக்குள். சண்டை இல்லாத கல்யாணத்தைச் சாட்சி சந்தேகப்படும், சமாதானம் இல்லாத கல்யாணத்தையும் சந்தேகப்படும். பூவநாதன் அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தான்.

"அன்னைக்கு ரெண்டு பேரும் மழையில நனைஞ்சோமே, ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தான் அடுத்த செவ்வாய்க்கிழமை.

"எந்த மழை?"

"அதான்... கல்யாணத்துக்கு மறுவாரம்..."

"கோவில்பட்டியில மழை பேஞ்சா பேப்பர்ல போடுவாங்க. யாரு கூடப் போய் நனைஞ்சீங்க, உண்மையைச் சொல்லுங்க."

முள் ஏறியது. சந்தேகமும் பந்தத்தின் அறிகுறிதானாம். சண்டைக்கு நாள் குறித்து அவளிடம் சொன்னபோது அவள் நியாயமாகத்தான் கேட்டாள்.

"சண்டைய எப்பிடிங்க ஆரம்பிக்க?"

"எங்கிட்ட ஏதாவது கொறை சொல்லு."

"கொறையா? எதுல இருந்து ஆரம்பிக்க? ஒங்களுக்கு டூட்டி எத்தன மணிக்கு?"

அரை மணி நேரம் சொன்னாள். எழுதிவைத்துப் படிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். கடைசியில் மெய்யாகவே சூடாகி, "இருங்க, அங்க வந்து ஒங்கள வச்சிக்கிடுதேன்!" என்றாள். பந்தம் ஒரே தாவாக ஒன்பது ஏறியது. அன்றைய அறிக்கையில், 'கணவரைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆழ்ந்த விருப்பத்தை விண்ணப்பதாரர் வெளிப்படுத்தினார்' என்று எழுதியிருந்தது. அவன் அதை அவளுக்கு வாசித்துக் காட்ட, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அட்டவணையில் இல்லாத சிரிப்பு அதற்குப் பிறகு அவர்களுக்குள் வரவில்லை. அது அப்போது தெரியவில்லை, தெரிகிற விஷயமும் இல்லை.

இப்படியாகப் பந்தம் எண்பத்தைந்துக்கு வந்து நின்றது. எருமை போயிற்று, ஆடு போயிற்று, அவள் குத்திய ஊசியும் பார்த்த பிரசவமும் போயின. அவள் எதையாவது ஆரம்பித்தால் அவன் கண் மூலைக்குப் போகும். கண் போகிற இடத்தைப் பார்த்து அவள் பேச்சை மாற்றிக்கொள்வாள். கெட்டிக்காரி, சீக்கிரம் பழகிக்கொண்டாள். நடுவில் ஒரு தடவை பதினெட்டு நாள் லீவில் ஊருக்கு வந்தான். வீட்டுக் கூடத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கும்போதும் அவன் பார்வை அவள் தலைக்கு வலது பக்கம் மேலே போய்ப் போய் வந்தது. அங்கே ஒரு பல்லிதான் இருந்தது.

மூன்றாம் வருட முடிவில்தான் இடி விழுந்தது. பந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்காமல் விட்ட நிரந்தரம் முப்பத்தெட்டில் நின்றது. ஏறவே மாட்டேன் என்று கிடந்தது. வீட்டுக்குத் திரைச்சீலை என்ன நிறம், பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று பிறக்காத பிள்ளைக்கு இடம் பிடித்துப் பார்த்தார்கள். முள் அசையவில்லை. அண்ணாச்சி யாரையோ பிடித்து விரிவான அறிக்கை வாங்கினார்.

"அறுநூத்திப் பதினோரு தடவை உம்ம சம்சாரம் திரும்பிப் போயிருவேன்னு சொல்லியிருக்காங்கவே."

"அவளா? ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே, அண்ணாச்சி!"

"போனை வைக்கும்போது என்ன சொல்லுதாங்க?"

"என்ன சொல்லுவா, எல்லாரும் சொல்லுததுதான். போயிட்டு வாரேன்."

அண்ணாச்சி அறிக்கையை அவன் பக்கம் திருப்பினார். "அதான். போயிட்டு, வாரேன். எங்க போயிட்டு? இந்த நாட்டுக்குப் போயிட்டு. எங்க வாரேன்? கோவில்பட்டிக்கு வாரேன். சுத்திப் பாக்க வர்ற பொம்பளை, தங்குற எண்ணம் இல்லைன்னு சாட்சி எழுதிவச்சிருக்கு. அறுநூத்திப் பதினோரு ஒப்புதல் வாக்குமூலம்வே! இவ்வளவு நேர்மையா யாரும் மாட்டிக்கிட்டதில்ல."

"அது சும்மா வழக்கம்னு எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"சொல்லலாம். ஆட்சேபணை மனு போடணும். அதுக்குத் தனி வரிசை, நாலு வருஷம். அதுக்கு அவங்க ஒத்த வார்த்தைய மாத்திச் சொல்லுதது லேசு."

"என்னன்னு மாத்திச் சொல்ல?"

ஆல்பர்ட் அண்ணாச்சி ஆயிரம் ஜோடிகளுக்குப் பொய் சொல்லிக் கொடுத்தவர். காதலிக்காதவர்களைக் காதலிக்க வைத்தவர். அவரே கொஞ்சம் தயங்கினார். "அதான்... வெறும 'போறேன்'னு" என்றார் குரலைத் தாழ்த்தி. சொல்லிவிட்டு இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

மறுநாள் பூவநாதன் விஷயத்தைச் சொன்னதும் செண்பகவல்லி காதைத் தேய்த்துக்கொண்டாள்.

"போறேன்னா?"

"ம்."

"வாய் கூசுதுங்க. நல்ல எடத்துல இருந்து கெளம்பினா போயிட்டு வாரேன்போம். சாவு வீட்ல இருந்து கெளம்பினா சொல்லிக்காமக் கெளம்புவோம். போறேன்னு சொல்லுததுக்கு எடமே கெடையாதே."

"மிஷினுக்குத்தான சொல்லச் சொல்லுதேன்."

"மிஷின் மூஞ்சியப் பாத்தா பேசுதேன்? ஒங்க மூஞ்சியப் பாத்துல்ல பேசுதேன்."

நல்ல கேள்வி. எனவே கோபப்பட்டான். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். 'போறேன்' வேண்டாம், 'போயிட்டு வாரேன்'னும் வேண்டாம். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுவது. ஆனால் அவளுடைய அப்பா சுப்பையாவை யாரும் கலந்துகொள்ளவில்லை. பேருந்தில் முப்பத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்தவர், பயணிகள் இறங்கும்போது சொல்லிக்கொண்டு இறங்காவிட்டாலே வருத்தப்படுகிறவர். மகள் சத்தமில்லாமல் வைக்கப் போனதைப் பார்த்துப் பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினார்.

"என்னம்மா, மாப்ளட்ட சொல்லிக்காம வைக்க? மரியாதை வேண்டாமா? மாப்ளே, கோவிச்சுக்கிடாதீங்க. போயிட்டு வாரோம்! நல்லபடியாப் போயிட்டு வாரோம்!"

அறுநூற்றுப் பன்னிரண்டு, அறுநூற்றுப் பதிமூன்று. இந்தத் தடவை குடும்பத்தோடு திரும்பிப் போகிறார்கள் என்று சாட்சி குறித்துக்கொண்டது.

அவருக்கு எடுத்துச் சொல்லி அடக்கிய பிறகு, ஏழெட்டு மாதம் அவர்கள் சொல்லிக்கொள்ளாமலே வைத்தார்கள். பேச்சு முடியும், இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், திரை இருட்டாகும். நிரந்தரம் எழுபத்தொன்றுக்கு ஏறியது. "தெனம் சாவு வீட்ல இருந்து கெளம்புற மாதிரியே இருக்குங்க" என்றாள் ஒரு நாள். எழுபத்தொன்று என்றான் அவன்.

இன்னும் ஒன்பது வேண்டும். விதிப்படி கடைசி அழைப்புக்கு மற்ற அழைப்புகளைப்போலப் பல மடங்கு மதிப்பு. அதில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தெளிவாக அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் போதும் என்று அண்ணாச்சி கணக்குப் போட்டுக் கொடுத்தார். இன்னொரு விதியும் இருந்தது. முடிவு வருகிற வரைக்கும் கடைசித் தொண்ணூறு நாள் கணவன் ஒன்றியத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வரிசையின் கடைசி. கடைசி அழைப்பு ஒரு புதன்கிழமை என்று நாள் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுப்பையா பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் செய்தி அனுப்பினாள். பூவநாதன் பதறித்தான் போனான். மாமனாரை அவனுக்கு மெய்யாகவே பிடிக்கும். உடனே அண்ணாச்சியைக் கூப்பிட்டு, அழைப்பைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டான். தள்ளிப்போட்டாலும் வரிசையின் கடைசிதான். அந்த நாட்டில் எந்தப் பக்கம் சுற்றினாலும் வரிசையின் கடைசியில்தான் கொண்டுபோய் விட்டார்கள்.

புதன்கிழமை காலை ஏழு. அவன் குளித்து, வெளுத்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். திரையில் அவள் முகம் வந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரம். தலை வாரவில்லை. பின்னால் யாரோ சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"எப்பிடி இருக்காங்க?"

"கண்ணு முழிக்கலை. நேத்து ராத்திரி ஒரு தடவை வெரலை அசைச்சாங்க. டிக்கெட் கிழிக்கிற மாதிரியே அசைச்சாங்க..." சொல்லும்போதே உடைந்துவிட்டாள். நாலு வருடத்தில் அவள் அவன் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. மூக்கு ஒழுகி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பந்தம் எண்பத்தொன்பது, தொண்ணூறு, தொண்ணூற்றொன்று.

"அழு, செண்பகா. அடக்காத. நல்லா அழுதுரு" என்றான் பூவநாதன். அவனும் கண் கலங்கித்தான் இருந்தான். அதில் பொய் இல்லை. ஆனால் கலங்கிய கண் ஒரு தடவை வலது மூலைக்குப் போய் வந்தது.

அவள் அழுகையை நிறுத்தினாள்.

"எம் மூஞ்சியப் பாக்கீங்களா, முள்ளப் பாக்கீங்களா?"

"ஒன்னத்தான் பாக்கேன்."

"எவ்வளவு வந்திருக்கு?"

"தொண்ணூத்தொண்ணு" என்றான். வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது.

அவள் முந்தானையால் முகத்தை நன்றாகத் துடைத்தாள். "கெளம்பி வாங்க. ஒரு வாரம் இருந்துட்டுப் போங்க. அப்பா முழிச்சாங்கன்னா ஒங்களத்தான் கேப்பாங்க. எனக்கும் ஆளு இல்ல."

"செண்பகா, இப்ப எல்லை தாண்டினா நாலு வருஷமும் போச்சு. முடிவு வர பதினோரு நாள்தான். வந்த மறு நிமிஷம் கெளம்பிருதேன், சத்தியமா."

"சரி. அப்பாட்ட சொல்லிப் பாக்கேன். பதினோரு நாள் கொஞ்சம் பொறுத்துக்கிடுங்கன்னு."

மூலையில் சின்ன எழுத்தில், 'குடும்ப மூத்தவருடன் விண்ணப்பதாரர் கலந்தாலோசிக்கிறார்: பந்தம் +2' என்று மின்னியது. பூவநாதன் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றான். முயன்றான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், அவன் தரப்பில் சொல்வதற்கு வேறு அதிகம் இல்லை.

நேரம் முடிய ஒரு நிமிடம் இருப்பதாக மணி அடித்தது. நாலு வருடம், குளிர்பெட்டிக் கதவு, அட்டவணை, வாங்கிவைத்த திரைச்சீலை எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வந்து நின்றன.

"செண்பகா... கடைசியில மட்டும் அந்த வார்த்தை. மறந்துராத."

அவள் அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. வலி கண்ட மாட்டைத் தடவிப் பார்க்கிற மாதிரி நிதானமாக அவன் முகம் முழுவதையும் பார்த்தாள்.

"கண்டிப்பாச் சொல்லணுமா?"

"ஒரே ஒரு தடவை. அப்புறம் ஆயுசுக்கும் சொல்ல வேண்டாம்."

"ஆமா" என்றாள். "அப்புறம் சொல்ல வேண்டியிருக்காது."

பிறகு, எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், வாய் கூசாமல், அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"போறேன்."

திரை இருண்டது. நிரந்தரம் எழுபத்தொன்றிலிருந்து கிளம்பி எண்பதைத் தாண்டி, தொண்ணூறைத் தாண்டி, தொண்ணூற்றேழில் போய் நின்றது. பூவநாதன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, இரண்டு கையையும் தூக்கி, "ஆகா!" என்றான். தூக்கிய கை இறங்குவதற்குள் அந்த வார்த்தை அவன் காதில் மறுபடி கேட்டது. இந்தத் தடவை தமிழில் கேட்டது.

அவன் மெல்ல உட்கார்ந்தான்.

தொண்ணூற்றைந்துக்கு மேல் வருகிற விண்ணப்பங்களை மனிதர்கள் பார்ப்பதில்லை, நேரே முடிவுதான் என்பது அவனுக்குத் தெரியாது. பதினோரு நாள் இல்லை, நாலு நிமிடத்தில் கடிதம் வந்தது. 'விண்ணப்பதாரரின் எண்ணம் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக உள்ளது. குரலில் தயக்கம் இல்லை. திரும்பும் நோக்கத்தின் சுவடு எதுவும் காணப்படவில்லை. இத்தகைய உறுதி அரிதானது.' கடைசியில் ஒரு சிறிய சடங்கு பாக்கி இருந்தது. தீர்மானகரமான சொல் வேற்றுமொழியில் இருப்பதால், அந்த மொழி தெரிந்த கணவரே அதன் பொருளை உறுதி செய்ய வேண்டுமாம்.

'போறேன்: நான் போகிறேன், திரும்பி வர மாட்டேன். இந்த மொழிபெயர்ப்பு சரியா? ஆம் / இல்லை. இல்லை எனில் சரியான பொருளை எழுதுக.'

அறுநூற்றுப் பதிமூன்று தடவை யாரையும் கேட்காமல் மொழிபெயர்த்துக்கொண்ட சாட்சி, அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டது.

அவன் செண்பகவல்லியைக் கூப்பிட்டான். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி கூப்பிட்டான். மூன்றாவது தடவை அடிக்கவே இல்லை. அதற்குள் அண்ணாச்சியின் அழைப்பு குறுக்கே வந்தது.

"வே! தொண்ணூத்தேழா? என் சர்வீஸ்ல பாத்ததில்ல! எப்பிடிச் சொன்னாங்க உம்ம சம்சாரம்?"

"போறேன்னா, அண்ணாச்சி."

"அதானவே சொல்லச் சொன்னோம்!"

"இல்ல அண்ணாச்சி. போறேன்னா."

துணி வெளுக்கும் யந்திரம் கீழே ஓடுவது மட்டும் கேட்டது. ஆல்பர்ட் தேவபிச்சை திசையன்விளைக்காரர், அவருக்கும் தமிழ் தெரியும். "சரிவே, நான் அப்புறமாப் பேசுதேன்" என்றார். போயிட்டு வாரேன் என்று அவரும் சொல்லவில்லை, சொல்லிக்கொள்ளாமல் வைத்துவிட்டார்.

எட்டு மணிக்கு ஒரு செய்தி வந்தது. செண்பகவல்லியின் எண்ணிலிருந்து, இரண்டே வார்த்தை.

'அப்பா போயிட்டாங்க.'

சாட்சி இன்னும் விழித்துக்கொண்டுதான் இருந்தது. அதன் கடமை அது. செய்திக்குக் கீழே உடனே ஒரு பெட்டி திறந்தது. 'விண்ணப்பதாரரின் தந்தை பயணம் புறப்பட்டுவிட்டார். அவரையும் நிரந்தரவாசியாக அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்க விரும்புகிறீர்களா?'

பூவநாதன் அழுதான். மாமனாருக்காகவும் அழுதான், தனக்காகவும் அழுதான், எருமைக் கதையை நடுவில் நிறுத்திய அத்தனை செவ்வாய்க்கிழமைகளுக்காகவும் அழுதான். சக்கரக் கட்டில்களுக்கு நடுவில் அவள் தனியாக நின்றுகொண்டிருப்பாள், அந்த நேரத்திலும் நான் அவளிடம் வசனம் கேட்டேனே என்று வாய்விட்டுச் சொல்லி அழுதான். சாட்சிக்கு அது வேண்டியிருக்கவில்லை. கணவனின் அழுகைக்கு மதிப்பெண் ஏதும் கிடையாது, கோப்பும் முடிந்துவிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பழைய கேள்விக்குத் திரும்பினான். 'இல்லை'யைத் தொட்டான். சரியான பொருளை எழுதச் சொல்லிக் கட்டம் திறந்தது. 'போயிட்டு வாரேன்' என்று எழுதினான். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் அப்படிச் சொல்லவில்லை. அப்படித்தான் அறுநூற்றுப் பதினோரு தடவை சொன்னாள், வேண்டாம் என்று நிறுத்தியது அவன்தான். ஒவ்வோர் எழுத்தாக அழித்தான்.

நாலு வருடத்தில் சாட்சி சரியாக மொழிபெயர்த்தது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

அவன் 'ஆம்' என்பதை அழுத்தினான். திரை முழுவதும் வண்ணக் காகிதங்கள் பறந்தன.

'வாழ்த்துகள்! உங்கள் மனைவியின் எண்ணம் நிரந்தரமானது என்று உறுதி செய்யப்பட்டது.'